ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு போகலாமா? தகுதியும் அனுபவமும் இல்லாதவர்கள் எங்கே தொடங்குவது?



சபுர் போவது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை என்று எந்த ஊரை எடுத்தாலும், பாட்டனார் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ போன கதையும், அத்தா துபைக்கோ சவூதிக்கோ போன கதையும் இல்லாத வீடு குறைவு. கடை, ஹோட்டல், கட்டட வேலை, டிரைவர் வேலை, அலுவலக வேலை என்றுதான் பெரும்பாலும் போனோம். இப்போது சில ஆண்டுகளாகப் பிள்ளைகள் வேறொரு கேள்வியோடு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறார்கள். "தாய்லாந்திலும் வியட்நாமிலும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறார்களாம். டிகிரி வேண்டாம், அனுபவம் வேண்டாம், ஆங்கிலம் பேசினால் போதும் என்கிறார்கள். போகலாமா?"

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்வதானால்: போகலாம், ஆனால் அந்த இரண்டு "வேண்டாம்"களையும் நம்பிப் போகக் கூடாது. தகுதியை இங்கேயே, கையைக் கடிக்காத செலவில் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. அனுபவத்தை நம் மஹல்லாவிலேயே பெறலாம். தகுதி இல்லாமல் அழைத்துப் போகிறேன் என்பவரிடம் கொடுக்கும் பணத்தில் பாதிகூட அதற்கு ஆகாது. இதை விவரமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னே போனவர்கள் எப்படிப் போனார்கள்?

இந்திய ஆசிரியர்கள் வெளிநாடு போவது நீண்ட வழக்கம். எத்தியோப்பியாவில் பேரரசர் ஹைலே செலாசி ஆட்சி செய்த காலத்தில் கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் ஏராளமான பட்டதாரிகள் அந்நாட்டுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகப் போனார்கள். நமக்கு மிக அருகில் உள்ள மாலத்தீவில் பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில வழியில் நடப்பதால், பல்லாண்டுகளாக இந்திய ஆசிரியர்கள் அங்கே பணியாற்றி வருகிறார்கள். வளைகுடா நாடுகளில் உள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் நம் மாவட்டத்து ஆசிரியர்களையும் காணலாம்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. கையில் பட்டம் இருந்தது. வேலை தரும் பள்ளி எது என்று புறப்படும் முன்பே தெரிந்திருந்தது. வேலைக்கான விசாவில் போனார்கள். இந்த மூன்றும் இருந்ததால்தான் போன இடத்தில் தலைநிமிர்ந்து நின்றார்கள்.

எந்த நாடு என்ன கேட்கிறது?

முதலில் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ஆங்கில ஆசிரியர் வேலையில், என்ன படித்தீர்கள் என்று கேட்பதற்கு முன்பே எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்கும் நாடுகள் இருக்கின்றன. தென்கொரியா மொழி ஆசிரியருக்கான விசாவை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்கே பொதுவாக வழங்குகிறது. 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள இந்திய–கொரிய ஒப்பந்தம் நமக்குச் சிறிய வாசல் ஒன்றைத் திறந்தது. ஆனால் அதுவும் ஆசிரியர் தகுதி பெற்றவர்களுக்குத்தான். சீனாவும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவரையே முதன்மையாகக் கேட்கிறது. நம் பிள்ளை எவ்வளவு அழகாக ஆங்கிலம் பேசினாலும் இந்தச் சட்டம் மாறாது. இதை அறியாமல் மனம் உடைவதைவிட அறிந்து வேறு வழி தேடுவது மேல்.

தாய்லாந்து நமக்கு மூடிய கதவல்ல. ஆனால் பள்ளியில் கற்பிக்க இளங்கலைப் பட்டம் வேண்டும். 'குருசபா' எனப்படும் அந்நாட்டு ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ, அது தரும் தற்காலிக அனுமதியோ வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியல்லாத நாட்டவர் என்பதால் டோயிக் போன்ற தேர்வில் மதிப்பெண் காட்டச் சொல்கிறார்கள். பொதுவாகக் கேட்பது 600. வேலை விசாவும் வேலை அனுமதியும் தனித்தனி. அனுமதி கைக்கு வரும் முன் வகுப்பறையில் நின்றால் அது குற்றம். பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம் கட்டி, நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதுதான்.

வியட்நாமில் பட்டம், ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழ், போலீஸ் நற்சான்று, மருத்துவச் சான்று ஆகிய நான்கும் வேண்டும். ஜப்பானின் ஜெட் என்னும் அரசுத் திட்டத்துக்கு முன் அனுபவம் தேவையில்லை. ஆனால் பட்டம் கட்டாயம். வளைகுடாவில் பள்ளி ஆசிரியர் என்றால் பாடத்தில் பட்டமும் பி.எட்.டும் கேட்பார்கள்.

கூட்டிப் பார்த்தால் கணக்கு எளிது. அனுபவம் இல்லாமல் தொடங்கச் சில நாடுகள் இடம் தருகின்றன. பட்டம் இல்லாமல் சட்டப்படி பள்ளியில் நுழைய விடும் நாட்டை நாங்கள் விசாரித்தவரை காணவில்லை.

"டிகிரி வேண்டாம்" என்பவர் எங்கே அழைத்துப் போகிறார்?

பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளையும் அவருடைய தாயாரும் சென்ற ஆண்டு நம்மிடம் வந்தார்கள். தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை, முதலில் டூரிஸ்ட் விசா, போனபின் மாற்றிக்கொள்ளலாம், 1,80,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்லியிருந்தார். அந்தத் தாயார் நகையை அடகு வைக்கத் தயாராக இருந்தார். நாம் அந்த எண்ணுக்கு மூன்று கேள்விகள் மட்டும் அனுப்பச் சொன்னோம். பள்ளியின் பெயர், முகவரி என்ன? ஒப்பந்தத்தின் நகல் எங்கே? உங்கள் உரிம எண் என்ன? இரண்டு நாள் மழுப்பலான பதில் வந்தது. மூன்றாம் நாள் அந்த எண்ணே பேசவில்லை. அல்ஹம்துலில்லாஹ், நகை வீட்டிலேயே இருந்தது.

எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. தாய்லாந்தில் கணினி வேலை, டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள், அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டு, இணையவழியில் பிறரை ஏமாற்றும் வேலையை அடித்துச் செய்ய வைத்தார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் இதுபற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது. அந்த அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்தவர்களில் தமிழகத்து இளைஞர்கள் 13 பேர் இருந்தார்கள். 2025 மார்ச்சில் இரண்டே நாட்களில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அரசு மீட்டுக் கொண்டுவந்தது. அவர்கள் நம்பிப் போன வேலையின் பெயர் வேறாக இருக்கலாம். சொல்லப்பட்ட முறை ஒன்றுதான்: தகுதி வேண்டாம், டூரிஸ்ட் விசா போதும், உடனே கிளம்பு.

போலிப் பட்டச் சான்றிதழ் தயாரித்துத் தருகிறோம் என்பாரும் உண்டு. வெளிநாட்டில் போலிச் சான்று பிடிபட்டால் சிறை. மார்க்கத்தின் பார்வையில் அது பொய்ச்சாட்சிக்கு ஒப்பானது, அதில் வரும் சம்பாத்தியத்தில் பரக்கத் இராது. இதை நாம் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

தகுதியை எப்படிச் சேர்ப்பது?

ஒவ்வொருவரும் தாம் நிற்கும் படியிலிருந்து அடுத்த படியைப் பார்க்க வேண்டும்.

1. பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ முடிக்காதவர்கள்: தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக இரண்டையும் எழுதலாம். வயது ஒரு தடையல்ல. மதரஸாவில் ஓதி முடித்துப் பள்ளிப் படிப்பை இடையில் விட்ட ஆலிம்களுக்கும் ஹாஃபிழ்களுக்கும் இது நல்ல வழி. இந்தப் படிகளைத் தாண்டி நேராகப் பட்டம் தருகிறோம் என்றால் சேராதீர்கள். பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசை இல்லாத பட்டம் பின்னால் கைகொடுக்காது.

2. பிளஸ் டூ முடித்தவர்கள்: முடிந்தவரை கல்லூரிக்கு நேரில் சென்று படியுங்கள். தஞ்சையில் மன்னர் சரபோஜி அரசுக் கல்லூரி, அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி, திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி எல்லாம் நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை. தொலைநிலைப் பட்டத்துக்கு நம் நாட்டில் மதிப்பு உண்டு என்றாலும், வளைகுடாவில் நேரில் படித்ததா என்று துருவிக் கேட்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அமீரகத்தில் பல இந்திய ஆசிரியர்கள் இந்த ஒரு காரணத்தால் சான்றிதழ்ச் சமநிலை கிடைக்காமல் தவித்தார்கள். ஆசிரியர் பணிதான் இலக்கு என்றால் பி.ஏ. ஆங்கிலம் எடுப்பது நல்லது.

3. பட்டம் உள்ளவர்கள்: இவர்களுக்கு இரண்டு பாதை. நீண்ட பாதை பி.எட். இரண்டு ஆண்டு ஆகும், ஆனால் வளைகுடாவுக்கும் மாலத்தீவுக்கும் உள்ளூருக்கும் ஒருசேரப் பயன்படும். குறுகிய பாதை ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழ். அதைப் பொதுவாக 'டெஃபல்' என்கிறார்கள். டெஃபல் என்பது ஒரே நிறுவனத்தின் பெயரல்ல. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் சான்றிதழ் விற்கலாம். ஆயிரம் ரூபாய்க்கு இணையத்தில் கிடைப்பதும் டெஃபல்தான். குறைந்தது 120 மணி நேரப் படிப்பா, உண்மையான மாணவர்கள் முன் நின்று பாடம் நடத்திக் காட்டும் பயிற்சி உண்டா என்று பாருங்கள். கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழில் 6 மணி நேரம் அப்படி நடத்திக் காட்ட வேண்டும். அதனால்தான் அதற்கு உலகெங்கும் மதிப்பு. கட்டணம் மட்டும் லட்சத்தைத் தொடும். அதற்கு வசதி இல்லாதவர்கள் இக்னோவின் ஆங்கிலம் கற்பித்தல் சான்றிதழ்ப் படிப்பையும், ஹைதராபாத் ஆங்கில மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளையும் விசாரிக்கலாம். எதில் சேரும் முன்பும், போக நினைக்கும் நாடு அதை ஏற்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

4. தேர்வு மதிப்பெண்: ஐ.இ.எல்.டி.எஸ்., டோயிக் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுக்கே செல்லும். ஆகவே மற்றவை தயாரான பிறகு கடைசியாக எழுதுங்கள்.

5. சான்றொப்பம்: பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, சில நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரக முத்திரை என்று வரிசை உண்டு. அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளுக்கு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையே போதும். 2022 இறுதி முதல் சவூதியும் அதில் இருக்கிறது. போலீஸ் நற்சான்றுக்கு பாஸ்போர்ட் சேவை இணையதளத்தில் விண்ணப்பித்து, தஞ்சை சேவை மையத்திலேயே வேலையை முடிக்கலாம்.

அனுபவம் நம் தெருவிலேயே இருக்கிறது

பத்ருப் போரில் பிடிபட்டவர்களில், பிணைத்தொகை கட்ட வசதியில்லாத ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடம், மதீனாவின் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பிப்பதையே பிணையாக ஏற்றுக்கொண்டார்கள் நபி (ஸல்) அவர்கள். கற்பிக்கும் திறமையே ஒரு செல்வம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் பள்ளி நேர்காணலில், "இதுவரை எத்தனை பேருக்குப் பாடம் நடத்தினீர்கள்?" என்பது முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும். நன்றாகப் பேசத் தெரிவது வேறு, இருபது பிள்ளைகளை அடக்கி உட்காரவைத்து ஒரு வாக்கியத்தைப் புரியவைப்பது வேறு. அந்தப் பழக்கம் இங்கேயே வரும். அஸருக்குப் பிறகு தெருப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு டியூஷன் எடுங்கள். விடுமுறையில் ஜமாஅத் நடத்தும் வகுப்புகளில் ஆங்கிலத்தைப் பொறுப்பேற்று நடத்துங்கள். உள்ளூர் நர்சரிப் பள்ளியில் ஓராண்டு வேலை பாருங்கள். சம்பளம் குறைவுதான். ஆனால் அந்தப் பள்ளி முறைப்படி தரும் அனுபவச் சான்று பின்னால் பேசும். எந்த நாளில் என்ன நடத்தினோம், பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நேர்காணலில் மனப்பாடமாகச் சொல்லும் பதிலைவிட அந்த நோட்டு பெரிது.

இன்னொரு பயனும் உண்டு. ஆறு மாதம் கற்பித்த பிறகு, இந்த வேலை தமக்குப் பிடிக்கவில்லை என்று சிலருக்குத் தெரியவரும். விமானம் ஏறிய பிறகு தெரிவதைவிட இது நல்லதல்லவா?

வீட்டிலிருந்தே கற்பிக்க

பெண் பிள்ளைகளைத் தனியே வெளிநாடு அனுப்பப் பெற்றோர் தயங்குவது நமக்குத் தெரியும். அவர்களுக்கும், பட்டம் முடியும்வரை காத்திருப்போருக்கும் இணையவழிக் கற்பித்தல் ஒரு வாசல். நம் ஆலிம்கள் பலர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வாழும் நம் பிள்ளைகளுக்கு இப்படித்தான் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆங்கிலமும் அவ்வாறே. ப்ரெப்ளி, இட்டாக்கி போன்ற தளங்களில் சான்றிதழ் இல்லாதவர்களும் பதிவு செய்யலாம். இட்டாக்கியில் அதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. ப்ரெப்ளி ஒவ்வொரு புதிய மாணவரின் முதல் பாடக் கட்டணத்தை முழுமையாகத் தானே எடுத்துக்கொள்ளும். அடுத்தடுத்த பாடங்களில் 33 சதவீதத்தில் தொடங்கி, நாம் நடத்தும் மணிநேரம் கூடக்கூட 18 சதவீதம் வரை கழிவு குறையும். தொடக்கத்தில் மாணவர் கிடைப்பது கடினம், வருமானமும் சொற்பம். இதையே நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் கற்பித்த மணிக்கணக்கும் மாணவர்களின் கருத்தும் பதிவாகி நிற்கும். பதிவு செய்யப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் விலகிவிடுங்கள்.

பணம் கட்டும் முன்

பின்வருவனவற்றைப் பெற்றோர் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

• வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் உள்ளது. "நான் அவருடைய சப்-ஏஜென்ட்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

• உரிமம் பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் வரைதான் வாங்கலாம். ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

• பள்ளியின் பெயரை வைத்து நீங்களே அதன் எண்ணைத் தேடிப் பேசுங்கள். ஏஜென்ட் கொடுத்த எண்ணில் பேச வேண்டாம்.

• டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். "போனபின் மாற்றலாம்" என்பதை நம்ப வேண்டாம்.

• பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக முன் அனுமதி பெற வேண்டும்.

• தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அதன் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள்.

• சந்தேகம் இருந்தால் மத்திய அரசின் உதவி எண் 1800 11 3090, அயலகத் தமிழர் நலத்துறையின் எண் 1800 309 3793. இணையவழியில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930.

கடன் பற்றி ஒரு வார்த்தை

காணியை ஒத்திக்கு விட்டும், நகையை அடகு வைத்தும், வட்டிக்கு வாங்கியும் பிள்ளையை அனுப்பும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. கடனோடு போன பிள்ளை, வேலை சரியில்லை என்று தெரிந்தாலும் திரும்பி வர முடியாது. "என்ன முகத்தோடு அத்தா முன்னால் நிற்பேன்" என்று அங்கேயே கிடப்பான். ஏமாற்றுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். படிப்புக்கும் தேர்வுக்கும் ஆகும் செலவு சிறிது சிறிதாக, இரண்டு மூன்று ஆண்டில் பரவி வரும். மொத்தமாகக் கடன் வாங்க அவசியமிராது. நெல்லுக்கு நாற்றங்கால் எப்படியோ அப்படித்தான் இதுவும். நாற்று முதிராமல் பிடுங்கி நட்டால் வயல் எவ்வளவு நல்லதானாலும் பயிர் நிற்காது என்பதை டெல்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளிநாட்டு வேலைக் கடிதம் எது வந்தாலும், பணம் கட்டும் முன் அதன் நகலோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். அஸருக்குப் பின் இருப்போம். உரிம எண்ணைச் சரிபார்ப்பது, பள்ளிக்குக் கடிதம் எழுதிக் கேட்பது, திறந்தநிலைப் பள்ளி விண்ணப்பம் நிரப்புவது ஆகியவற்றில் கட்டணமின்றி உதவுகிறோம். படிப்புக் கட்டணத்துக்குச் சிரமப்படுவோர் ஜமாஅத் கடிதத்தோடு விண்ணப்பித்தால், நிதி இருப்பைப் பொறுத்து வட்டியில்லாக் கடன் பற்றி அறங்காவலர் கூட்டத்தில் முடிவெடுப்போம். இப்போது வெளிநாட்டில் ஆசிரியராக இருக்கும் நம் ஊர்க்காரர்கள், விடுமுறையில் வரும்போது ஒரு மாலை நேரம் ஒதுக்கி நம் பிள்ளைகளோடு பேசினால் அது பெரிய உதவி.

மஷ்வரா செய்து, இஸ்திகாரா தொழுது, உண்மையான தாள்களோடு புறப்படும் பயணத்தை அல்லாஹ் எளிதாக்கி வைப்பானாக. நம் பிள்ளைகளின் கல்வியிலும் ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்